பேசுவோர் பட்டியலில் எங்கள் ஆட்கள் இல்லை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில் பள்ளிகளை நடத்துவது கல்விச் சபை. என் முதல் தேர்தலில் எங்கள் வட்டாரத்தின் கல்விச் சபை உறுப்பினர் பதவிக்கு ஏழு பேர் நின்றோம். அதில் மூன்று பேர் தமிழர். ஒருவருக்காக மற்ற இருவரும் விலகினால் வெல்லலாம் என்று தமிழ்ச் சங்கத்து ஆட்கள் எங்களைக் கூப்பிட்டு, கோப்பியும் வடையும் தந்து பேசிப் பார்த்தார்கள். ஒருவரும் விலகவில்லை. விட்டுக்கொடுப்பது மற்றவன் செய்யவேண்டிய காரியம் என்பதில் மட்டும் எங்கள் மூவருக்கும் ஒரே கருத்து.

அந்த இழுபறியில் என்னைக் கரைசேர்த்தவள் வட்டாரத்தின் மல்வேர்ன் பகுதியில் ஒரு வாடகை அடுக்குமாடியில் இருந்த பெண். பாண் சுடும் பேக்கரி ஃபக்ரரி ஒன்றில் வேலை. அவளுடைய ஆறு வயது மகளுக்குப் பேச்சு வராது. வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில், எட்டுப் பிள்ளைகள் கொண்ட விசேட வகுப்பு ஒன்றில் அந்தப் பிள்ளை படித்தது. வகுப்பை மூடப்போகிறார்கள் என்று அப்போதே ஒரு கதை அடிபட்டது. "எங்கட ஆள் ஒருத்தர் உள்ளுக்கை இருந்தா அதில கைவைக்க மாட்டினம்" என்று சொல்லிச் சொல்லியே அவள் தன் கட்டடத்தில் மாடி மாடியாக எனக்கு வாக்குக் கேட்டாள். நான் அதை மறுக்கவில்லை. மறுத்தால் வாக்கு வருமா?

வென்ற பிறகுதான் ஆழம் தெரிந்தது. பெரிய மேசை, அதைச் சுற்றி நிறைய ஆட்கள், வாக்கெடுப்பில் தூக்க எனக்கு ஒரேயொரு கை. எங்கள் சனமோ என்னை ஊர் மந்திரி என்று நினைத்தது. "பள்ளிக்கூட அதிபருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கோ" என்று நாளுக்கு நாலு அழைப்பு வரும். எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அரங்கேற்றங்களில் முன்வரிசையும் பொன்னாடையும் கிடைக்கும்போது மனிதனுக்கு அதெல்லாம் வாயில் வராது.

மூன்றாம் வருடம் அந்த அறிக்கை வந்தது. மூன்று பள்ளிகளின் விசேட வகுப்புகளை மூடி, பிள்ளைகளைத் தூரப் பள்ளிகளுக்கு மாற்றவேண்டும் என்பது அதிகாரிகளின் பரிந்துரை. அதில் ஒன்று எங்கள் மல்வேர்ன் பள்ளி. இறுதி வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் இருந்தது. பெற்றோர் முன்கூட்டியே பெயர் பதிந்தால் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசலாம். பட்டியல் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, மாலை நாலு மணிக்கு மூடப்படும். இது எனக்குத் தெரியும். அந்த அறையில் என்னுடைய அரைமணி நேரப் பேச்சைவிட ஒரு தாயின் ஐந்து நிமிடத்துக்குக் கனம் அதிகம் என்பதும் தெரியும்.

பாண் ஃபக்ரரிப் பெண் எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, நாங்கள் வந்து கதைக்க வேணுமே?"

"ஒருத்தரும் வரத் தேவையில்லை தங்கச்சி. நான் என்னத்துக்கு இருக்கிறன்? நான் பாக்கிறன்."

"அதுதானே. நீங்கள் இருக்கேக்க நாங்கள் வந்து நிண்டா உங்களை நம்பேல்லை எண்ட மாதிரியெல்லே" என்றாள். மற்றக் குடும்பங்களுக்கும் அவளே சொல்லிவிட்டாள்.

இது எங்கள் மரியாதை. கல்யாண வீட்டில் சமையலை ஒருவரிடம் பொறுப்புக் கொடுத்தால், பிறகு அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். அந்த மரியாதையை நானும் சுகமாக அனுபவித்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் அங்கே வந்து தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசுவதை என் சகாக்கள் பார்ப்பார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, மாலை ஐந்து மணியளவில் பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. மற்ற இரண்டு பள்ளிகளிலிருந்தும் பெற்றோர் வரிசையாகப் பதிந்திருந்தார்கள். எங்கள் பள்ளியின் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. பட்டியலைக் கவனிக்கும் பெண்ணை அழைத்துக் கெஞ்சினேன். ஒரேயொரு பெயரையாவது சேர்க்கச் சொன்னேன். விதி விதிதான் என்றாள். பிறகு என் குரலைக் கேட்டு இரங்கினாளோ என்னவோ, கூட்டத்தன்று மத்தியானம் வரை கடிதங்களை ஏற்பார்கள் என்று சொன்னாள்.

மறுநாள் மார்க்கமில் நான் வேலைபார்க்கும் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு மல்வேர்னில் கதவு கதவாகத் தட்டினேன். வாக்குக் கேட்கப் போனபோது கூட அப்படித் தட்டியதில்லை. பாதிப் பேர் வேலையில். ஒரு தகப்பன் பேனையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "பேர் போட்டு எழுதினா ரீச்சர் பிள்ளையில கோவத்தைக் காட்ட மாட்டாவே?" அவர் எழுதவில்லை. இன்னொரு தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கள் பாக்கிறன் எண்டெல்லோ சொன்னனீங்கள்? இப்ப ஏன் எங்களை எழுதச் சொல்லுறியள்? ஏதும் பிழைச்சுப் போச்சே?"

ஓம், நான்தான் பிழைவிட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும். "சும்மா ஒரு பலத்துக்கு" என்றேன். அவள் இரண்டு வரி எழுதித் தந்தாள்.

ஃபக்ரரிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். மேற்பார்வையாளரிடம் நான் சொல்லிவைத்ததால், பேச்சு வராத பிள்ளையின் தாய் இடைவேளையில் என்னை அழைத்தாள். பதினைந்து நிமிடம். காரில் இருந்தபடி அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். "முந்தி ஆரையும் கிட்ட வர விடாள் அண்ணை. இப்ப அந்த ரீச்சரிட்டை மட்டும் தானாப் போய் மடியில இருக்கிறாள். மூண்டு வருசம் எடுத்தது. இடத்தை மாத்தினா நான் திரும்ப முதல்லயிருந்து..." மணி அடித்துவிட்டது. அந்தக் கடிதம் பாதியில் நின்றபடியே போனது. மொத்தம் இரண்டு கடிதங்கள்.

கூட்டத்தில் மற்றப் பள்ளிகளின் தாய்மார் பேசினார்கள். ஒருத்தி பேச முடியாமல் அழுதபோது உறுப்பினர்கள் பேனையைக் கீழே வைத்துவிட்டார்கள். எங்கள் பள்ளியின் முறை வந்தது. எவரும் பதிவு செய்யவில்லை என்று தலைவர் அறிவித்தார். நான் எழுந்து பேசினேன். பேசினேன் என்பதைவிடக் கத்தினேன். என் பக்கத்தில் இருந்த உறுப்பினர், கெட்ட மனிதர் இல்லை, மெதுவாகக் கேட்டார்: "உங்கள் பள்ளிப் பெற்றோருக்கு இது பெரிய விடயமாக இல்லைப் போலிருக்கிறதே?"

மற்ற இரண்டு வகுப்புகளும் தப்பின. எங்களுடையதை மூடினார்கள்.

அவளுக்கு நானே சொன்னேன். "நீங்கள் ஏலுமானதைச் செய்தனீங்கள் அண்ணை" என்றாள். அவள் என்னை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

புதிய பள்ளிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். பிள்ளை ஏறும்போது தொடங்கும் அலறல் இறங்கும்வரை நிற்காதாம். ஒரு மாதத்தில் காலைச் சாப்பாட்டை விட்டது. பிறகு தன் கையைக் கடிக்கத் தொடங்கியது. தாய் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த தேர்தலுக்கு அந்தக் கதவையும் தட்டத்தான் வேண்டியிருந்தது. பள்ளி நேரம். பிள்ளை தரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாய் நன்றாக மெலிந்திருந்தாள். தேத்தண்ணி தந்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? அண்டைக்கு நான் லீவு போட்டிட்டு வந்து கதைச்சிருந்தா வகுப்பு நிண்டிருக்குமே?"

எத்தனை நாளாக அதை யோசித்துக்கொண்டிருந்தாளோ தெரியாது.

"இல்லை தங்கச்சி," என்றேன். "அவங்கள் முதலே முடிவெடுத்திட்டாங்கள்."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. "அதுதானே, நான்தான் கண்டபடி யோசிக்கிறன்" என்றாள். "எங்கட வோட்டு உங்களுக்குத்தான் அண்ணை. வேற ஆர் இருக்கினம் எங்களுக்கு?"

அந்தத் தேர்தலில் முதல் முறையைவிடக் கூடுதல் வாக்குகளால் வென்றேன்.