சிவப்பு டேக்கில் ஒட்டிய எறும்பு

1. காலை போன்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து போன் வந்தது. "கடைசி மூணு மாச சர்வீஸ் ரிப்போர்ட்டோட உடனே வாங்க." பூச்சிக்கட்டுப்பாட்டு வேலையில் இப்படி அழைத்தால் ஒன்று ஆடிட், இல்லையென்றால் கேன்டீன் சாம்பாரில் கரப்பான். எதுவானாலும் பேசிச் சமாளித்துவிடலாம் என்று படப்பையிலிருந்து வண்டியை எடுத்தேன். அந்தத் திமிர் அப்போது எனக்கு நிறையவே உண்டு.

எச்.ஆர். அதிகாரி ரகுராமன் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"பேக்கிங்ல ஒரு கான்ட்ராக்ட் பொண்ணு காலையில மயங்கி விழுந்துட்டா. ஒரு மாசத்துல ரெண்டாவது தடவை. கேட்டா எறும்பு கடிச்சிடுச்சுன்றா. உங்க ரிப்போர்ட்ல எறும்பு கன்ட்ரோல்ல இருக்குன்னு போட்டிருக்கீங்க. அதையே லெட்டரா குடுத்துடுங்க."

"இன்னாத்துக்கு சார் லெட்டரு?"

"எறும்பு இல்லேன்னா கோளாறு அவ உடம்புலதான். அன்ஃபிட்னு வேலைய விட்டு அனுப்பணும்ல? அதுக்கு முன்னாடி, லஞ்ச் முடிஞ்சதும் அதே இடத்துல நிக்க வெச்சுப் பாக்கப்போறோம். எறும்பு எங்கேன்னு அவளே காட்டட்டும்."

மணி அப்போது பதினொன்றரை. லஞ்ச் முடியும் சைரன் ஒரு மணிக்கு. லெட்டர்தானே, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். சம்பிரதாயத்துக்காக அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்துவிட மெடிக்கல் ரூமுக்குப் போனேன்.

2. டேக்

பெயர் பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கம். சிங்கப்பெருமாள் கோவிலில் நான்கு பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருப்பவள். நர்ஸ் ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தார். கை, கழுத்தெல்லாம் தடிப்பு. உதடு இன்னும் வீங்கியிருந்தது.

"கடிக்கலண்ணே, குத்திச்சு. ஊசி கணக்கா. போன தடவை கைதான் வீங்கிச்சு, லேசா கிறுகிறுன்னு வந்து விழுந்துட்டேன். இன்னைக்கு மூச்சே விட முடியல. யாருட்ட சொன்னாலும் காலையில சாப்பிட்டியான்னு கேக்காவ."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து நீட்டினாள். ரிஜெக்ட் டேக். பழுதான பாகத்தில் கட்டித் தொங்கவிடுவது. அதன்மேல் பேக்கிங் டேப்பால் ஓர் எறும்பை ஒட்டியிருந்தாள். பொருள்: எறும்பு. குறை: குத்துது. கண்டுபிடித்தவர்: பேச்சியம்மாள்.

"லைன்ல தப்பா எது வந்தாலும் டேக் போடச் சொல்லியிருக்காவல்லா? போன மாசமும் ஒண்ணு போட்டேன். நீங்கதானண்ணே அதுல சைன் பண்ணுனீய?"

நான்தான். சூப்பர்வைசர் காட்டியபோது, எறும்புக்கே ரிஜெக்ட் டேக்கா என்று சிரித்துவிட்டு, லென்ஸைப் பையிலிருந்து எடுக்காமலே 'கட்டெறும்பு' என்று எழுதி, பிரச்சினை முடிந்தது என்று டேக்கை மூடியவன் நான். சுவரோரம் விஷம் கலந்த சர்க்கரை ஜெல் வைத்துவிட்டுப் போனவனும் நான்தான்.

இந்த முறை லென்ஸை எடுத்தேன். ஒல்லியான, நீளமான உடம்பு. தலை கறுப்பு, நடு உடம்பு செங்கல் நிறம், பின்பகுதி மறுபடி கறுப்பு. பெரிய நீள்வட்டக் கண்கள், வால் நுனியில் கொடுக்கு. இடுப்பைப் பார்த்தேன். கட்டெறும்புக்கு அங்கே ஒரே முடிச்சு, கடிக்கும், கொட்டாது. இதற்கு இரண்டு முடிச்சு. அறிவியல் பெயர் டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா. காய்ந்த மரத்தில் கூடு வைத்து, தனித்தனியாக அலைந்து பூச்சிகளை வேட்டையாடும் எறும்பு. பெரும்பாலானவர்களுக்கு இது கொட்டினால் வலியோடு போகும். சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்களை அடுத்த முறை கொட்டினால் உயிருக்கே ஆபத்து.

அவளை இரண்டு முறை கொட்டியாகிவிட்டது. மணி பன்னிரண்டேகால்.

"நான் வர்ற வரைக்கும் எங்கேயும் போவாதம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

3. மரம்

எறும்பு இருக்கிறது என்று நான் சொன்னால் மட்டும் போதாது. கூட்டைக் காட்டினால்தான் ரகுராமன் நம்புவார். பேக்கிங் ஷட்டரின் வெளிப்பக்கம் நல்ல வெயில். நான் வைத்த ஜெல், தொட ஆளில்லாமல் காய்ந்து கிடந்தது. வேட்டையாடும் எறும்பு என் சர்க்கரையைத் தேடி வருமா? சாரை சாரையாகப் போகும் எறும்பென்றால் ஐந்து நிமிடத்தில் கூட்டைப் பிடித்துவிடுவேன். இது ஒற்றையாக வந்தது, காணாமல் போனது. இரண்டு முறை தவறவிட்டேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பயந்தேன் என்பதுதான் உண்மை.

மூன்றாவது எறும்பு வாயில் ஒரு புழுவோடு வந்தது. பாரம் இருந்ததால் கொஞ்சம் மெதுவாகப் போனது. ஷட்டர் சட்டம், மழைநீர்க் குழாய், அங்கிருந்து கூரையில் உரசிக்கொண்டிருந்த வாகை மரத்தின் பட்டுப்போன கிளை. அதில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. எறும்பு உள்ளே போனது. செல்போனில் படம் எடுத்தேன்.

சைரன் அடித்தது.

4. சைரன்

உள்ளே வந்தபோது பேச்சியம்மாள் கையுறை மாட்டிக்கொண்டு தன் டேபிளை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அவளை அழைத்து வந்த ரகுராமன் கைகட்டி நின்றார். டேபிள் விளிம்பில் ஓர் எறும்பு நின்று, உணர்கொம்பை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"நில்லும்மா. கிட்ட வராத."

"லெட்டர் எங்க?" என்றார் ரகுராமன்.

படத்தைக் காட்டினேன். டேபிளில் இருந்ததையும் காட்டினேன். போன மாத ரிப்போர்ட்டை அவர் கண்ணெதிரே கோடு போட்டு அடித்து, 'தவறான அடையாளம். தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"உங்க கான்ட்ராக்ட் போயிடும், தெரியுமில்ல?"

"போவட்டும் சார். இன்னொரு வாட்டி கொட்டுனா இந்தப் பொண்ணு செத்துடும்."

அவர் டேபிளைப் பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் போனார்.

அன்றே பேச்சியம்மாளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கிளையை வெட்டினார்கள். அவளை அன்ஃபிட் என்று அனுப்பாமல் உள்பக்கம் இன்ஸ்பெக்‌ஷன் லைனுக்கு மாற்றினார்கள். எங்கள் கான்ட்ராக்ட் சொன்னபடியே போயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்றால் பொய்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். லென்ஸை எடுப்பதற்கு முன்னால் கடிபட்டவரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு லென்ஸையும் எடுங்கள்.

எங்கள் ஆபீஸ் படிவத்திலும் 'கண்டுபிடித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதில் என் பெயரைத்தான் எழுதி வந்தேன். அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் என்று எழுதினேன்.