துரைராஜின் பொட்டியும் என் ஷோகேஸும்

துரைராஜைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அந்த ஆளைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஒன்றுமே கிடையாது. ஐந்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு தேடிப் பார்த்துவிட்டேன்.

அனகாபுத்தூரில் பிறந்தவன். அப்பா சவுரிமுத்து தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தவர். பன்னிரண்டு வயதில், மாதா கோயில் திருவிழாவில் மைக்செட் நின்றுபோய், மைக்செட்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது, இவன் போய் ஒரு ஒயரைத் தொட்டுச் சரிசெய்தானாம். இதையும் அவன் சொல்லவில்லை. அவன் மனைவி யூனிஸ் சொன்னாள். அவனே பீற்றிக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் எலக்ட்ரீஷியன் வேலை. எண்பத்தாறில் மாடம்பாக்கம் சாலையில் எங்கள் காலனிக்குக் குடிவந்தான். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்றுதான்.

நான் பட்டாபிராமன், இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளார்க். என் மனைவி அபிதகுஜாம்பாள் கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் வயலின் கற்றவள். காது பொல்லாதது. குடித்தனம் வந்த பன்னிரண்டு வருஷத்தில் நான் வாங்கிய ரேடியோவையோ டேப் ரிக்கார்டரையோ அவள் ஒருநாளும் "நன்னா இருக்கு" என்று சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து வாங்கிவிட வேண்டும் என்றுதான் எண்பத்தெட்டில் ஸ்பீக்கர் பார்க்கக் கிளம்பினேன்.

துணைக்குத் துரைராஜைக் கூப்பிட்டது என் தப்பு. ரிச்சி தெருவில் ஒரு சந்துக் கடையில் அவன் நின்றுவிட்டான். பெரிய ஸ்பீக்கர் ஒன்று, கீச்சு சத்தத்துக்குச் சின்னது ஒன்று, இரண்டுக்கும் நடுவே போட ஒரு சின்ன போர்டு. எல்லாம் பழைய பேப்பரில் சுற்றி, ஜோடி கணக்கில் வைத்திருந்தார்கள். இதற்குப் பெயர் கிட். பெட்டியை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

"கிட்டாவே வாங்கிக்குங்க சார். ரெடிமேடுல பாதி துட்டு பொட்டிக்குத்தான் போவுது. பொட்டிய நான் அடிச்சுத் தரேன்."

"மரம் அறுத்துப் பிசின் தடவற வேலையெல்லாம் எனக்கெதுக்குப்பா? என் மச்சினன் சிங்கப்பூர்லேந்து ஒரு ஜோடி கொண்டு வரான்."

"அதுவும் நல்லதுதான் சார்" என்றான். வாதத்துக்கே வரமாட்டான். அவனிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். தனக்கு மட்டும் ஒரு கிட் வாங்கிக்கொண்டான்.

என் ஜோடி வந்து சேர்ந்தது. தேக்கு நிறம், கையடக்கம், புத்தக அலமாரியில் வைக்கிற அளவு. எங்கள் வீட்டில் புத்தக அலமாரி ஏது? ஷோகேஸ் உண்டு. தஞ்சாவூர் பொம்மையை நகர்த்திவிட்டு இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாக வைத்தேன். கம்பெனி சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் தாளைக் கழற்றவில்லை. அதற்கு மேல் என் அக்கா பின்னிக் கொடுத்த பூவேலை உறை. அப்புறம் கண்ணாடிக் கதவு, அதற்குப் பூட்டு. சீமைச் சாமானை யாராவது திறந்து போடுவார்களா? எங்கள் தெருவில் டி.வி.க்கே கதவு போட்டுச் சாத்தி வைத்திருந்தார்கள்.

நல்ல நாள் பார்த்து நாகஸ்வரக் கேசட் போட்டேன். அபிதா ஒரு நிமிஷம் நின்று கேட்டாள். "யாரோ போர்வைக்குள்ள உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள். புதுசு, போகப்போகச் சரியாகும் என்று நான் கதவைப் பூட்டினேன்.

துரைராஜ் இரண்டு மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிளைவுட் அறுத்தான். பெட்டிக்குள் அடைக்கப் பஞ்சு வேண்டுமென்று கல்யாணத்துக்கு வந்த தலையணையைக் கிழித்துவிட்டான். "தலகாணிய கிழிச்சுப்புட்டு இன்னாய்யா பண்ற?" என்று யூனிஸ் கத்தியது தெருவுக்கே கேட்டது. வார்னிஷ்கூட அடிக்காத இரண்டு மொட்டைப் பெட்டிகள். பார்த்து நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் அவன் பாட்டுப் போட்டான். அபிதா அரிவாள்மணையையும் பீன்ஸையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்படியில் போய் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் முடிகிற பீன்ஸை முக்கால் மணி நேரம் நறுக்கினாள். மறுநாளும் போனாள். அப்புறம் தினமும். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து, "தவில் அப்படியே வயித்துல வந்து விழறது, யூனிஸ். நன்னா இருக்கு" என்றாள்.

பன்னிரண்டு வருஷமாக நான் காத்துக்கிடந்த வார்த்தை சுவரைத் தாண்டிப் போய்விட்டது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. சிங்கப்பூர் சாமான் தலையணைப் பஞ்சிடம் தோற்றால் யாருக்குத்தான் எரியாது?

ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஒருநாள் காலை, பால் பூத் வரிசையில் அவன் தோளில் கை போட்டேன்.

"துரைராஜ், தப்பா நினைச்சுக்காதே. உன் பாட்டு ஆரம்பிச்சா அபிதாவுக்கு ஒத்தைத் தலைவலி வந்துடறது. உன்கிட்ட சொல்லக் கூச்சப்படறா."

அவன் முகம் வாடிவிட்டது. "செவுத்தாண்ட உக்காந்துகினு இருப்பாங்களே சார். அக்கா ஆசையா கேக்கறாங்கன்னுல்ல நெனச்சேன். நான் போய் மன்னிப்பு கேட்டுடறேன்."

"கேக்காதே. அவளுக்குச் சங்கடமாப் போயிடும்" என்றேன். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

அன்றோடு பாட்டு நின்றது. அபிதா ஒரு வாரம் காயோடு கொல்லைப்படியில் போய் உட்கார்ந்து பார்த்தாள். "அவா ஸ்பீக்கர் ரிப்பேரா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். அப்புறம் அடுக்களையிலேயே நறுக்க ஆரம்பித்தாள். என் கேசட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டேன். அவள் தலை திருப்பவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு யூனிஸ் கேக்கைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்காமல் போனாள். "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று அபிதா என்னிடம் கேட்டாள். நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றொன்றில் துரைராஜுக்கு ஜோலார்பேட்டைக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள வந்தவன், "அந்தச் சிங்கப்பூர் ஸ்பீக்கர ஒருவாட்டி கேட்டுட்டுப் போறேன் சார்" என்றான். நான் பெருமையாகக் கேசட்டைப் போட்டேன். அவன் ஷோகேஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார், இத்த வெளியில எடுக்கலாமா?"

பூட்டைத் திறந்துவிட்டேன். அவன் பூவேலை உறையை மடித்து வைத்தான். மூன்று வருஷத்தில் பழுப்பேறிப் போயிருந்த பிளாஸ்டிக்கை உரித்தான். இரண்டு ஸ்டூல்களைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டு, ஸ்டூலுக்கு ஒன்றாக ஸ்பீக்கரை வைத்தான். ஒரு வார்த்தை என்னைக் கிண்டல் செய்யவில்லை.

தவில் ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டது. அபிதா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஏன்னா, நன்னா இருக்கு."

வால்யூமை இன்னும் கூட்டக் கை நீட்டினேன். அதற்குள் துரைராஜ் பதறிப்போய் ஓடி வால்யூமைக் குறைத்தான்.

"மறந்தே பூட்டேன், அக்கா. பாட்டுச் சத்தம் உங்களுக்கு ஒத்துக்காதே. சார் சொன்னதுலேர்ந்து நான் வூட்ல போடறதையே வுட்டுட்டேன். இப்ப தலைவலி எப்டி கீது?"

அபிதா என்னைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, "இப்போ தேவலை தம்பி. யூனிஸைக் கேட்டதாச் சொல்லுங்கோ" என்றாள். அவன் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு நாளில் அவர்கள் லாரி கிளம்பிப் போனது. அன்று சாயங்காலம் ஸ்டூல்களைச் சரியாக அவன் வைத்த இடத்திலேயே வைத்து, அதே நாகஸ்வரக் கேசட்டைப் போட்டேன். கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் இல்லை. வீடே அதிர்ந்தது.

அபிதா அரிவாள்மணையையும் பீன்ஸையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்படிக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிய வீடு. அதைப் பார்த்தபடி உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தாள். நான் கதவோரம் போய் நின்றேன்.

"உள்ளே வாயேன் அபிதா. இங்கே எவ்வளவு நன்னா கேக்கறது தெரியுமா?"

அவள் திரும்பவில்லை.

"எனக்குத் தலைவலி" என்றாள்.