பேருந்தை நிறுத்திவைத்தவள்

ஒருத்தியை என் தோழி என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எனக்கு எங்கிருந்து வருகிறது: அவளுக்காக நான் செய்ததிலிருந்தா, அவள் பிறரிடம் என்னை என்ன சொல்லி அறிமுகப்படுத்துகிறாள் என்பதிலிருந்தா? ஈரக் கரிசல் மண்ணின் வாடை ஜன்னல் வழியே ஏறிவந்த ஒரு சித்திரை மாதக் காலையில், கோவில்பட்டிப் பேருந்துக்குள் உட்கார்ந்திருந்த பதினான்கு வயதில், இந்தக் கேள்வியை நான் மிகத் தவறாகத் தீர்த்துக்கொண்டேன்.

இடைசெவலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில் அந்நாளில் தோழிக்குச் 'சேக்காளி' என்ற சொல்தான் புழக்கத்தில் இருந்தது. யாரும் யாரையும் தேர்ந்தெடுத்துச் சேக்காளி ஆவதில்லை; ஒரே பேருந்தில் போய்வந்தாலே போதும். மாரிக்கனி எனக்கு அப்படித்தான் ஆனாள். எங்களுக்கு நிலம் இருந்தது, அவர்களுக்கு ஆடுகள். ஊருக்கு மேற்கே ஓடைக்கு அப்பால் அவள் வீடு; காலையில் பட்டியைத் திறந்துவிட்டு வண்டிப்பாதையில் அவள் ஓடிவருவதற்குள் பேருந்து வந்துவிடும் என்பதால், நான் முந்தி ஏறிக்கொண்டு, "அண்ணாச்சி, மாரிக்கனி வாரா, நில்லுங்க" என்று நடத்துநரிடம் சொல்ல வேண்டும். "மகாராணி இன்னைக்கும் அசந்து தூங்கிட்டாவளோ?" என்று அலுத்துக்கொண்டாலும் அவர் விசில் ஊதாமல் நிற்பார்.

எங்களுடைய கோவில்பட்டிப் பள்ளியில் பெண்களுக்கும் ஹாக்கி உண்டு. ஆடு விரட்டிப் பழகிய கை மாரிக்கனிக்கு. ஒன்பதாம் வகுப்பில் அவள் அணியில் சேர்ந்தாள், அங்கே நகரத்துப் பெண்ணான நித்யா அவளுக்குக் கிடைத்தாள். நித்யாவிடம் இரண்டு மட்டைகள் இருந்தன, ஒன்றை மாரிக்கனியிடமே கொடுத்துவைத்தாள். ஒருநாள் மைதானத்தில் நித்யாவின் அம்மா, "இது யாரும்மா?" என்று என்னைக் காட்டிக் கேட்டபோது, மாரிக்கனி சற்றும் யோசிக்காமல், "இவ எங்க ஊருப் பிள்ளை, ஆன்ட்டி" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, சொன்னேம்லா, இவதான் எம் பிரண்டு" என்று நித்யாவின் தோளில் கை போட்டாள்.

'பிரண்டு' என்ற அந்தச் சொல்லை அதற்கு முன் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அது ஒருத்திக்குக் கொடுக்கப்பட்டு இன்னொருத்திக்கு மறுக்கப்படக்கூடிய ஒன்று என்பதை அன்றுதான் கண்டேன். அதன் பிறகு நித்யாவின் வெள்ளைக் காலுறையும், டிபன் பாக்ஸிலிருந்து அவள் பாதி பிய்த்துக் கொடுக்கும் பூரியும், மாரிக்கனி அதை வாங்கித் தின்னும்போது சிரித்த சிரிப்பும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். "என்னட்டி, சேக்காளியோட சண்டையா? அவளுக்கும் நாலு பேரு வேண்டாமா?" என்றாள் அம்மா. வேண்டாம் என்றுதான் எனக்குப் பட்டது.

அந்த ஆண்டு முழுப்பரீட்சை முடிந்ததும் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு வந்தது. தேறினால் தங்கவும் சாப்பிடவும் படிக்கவும் அரசே இடம் கொடுக்கும். தவறினால், பத்தாவதோடு நிறுத்தித் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைக்கு வேலைக்கு அனுப்புவதென்று மாரிக்கனியின் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அவள் என்னைத் தேடி வந்து, "நீயும் வா, பிள்ள. நீ ஏறுனாத்தான் பஸ் நிக்கும்" என்றாள்.

அன்றிரவு கோடை மழை கொட்டிவிட்டது. நனைந்த கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வோர் அடிக்கும் மண் அப்பி அப்பிக் கால் இரும்பாய்க் கனக்கும். ஜன்னலோரம் இருந்த நான் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். செருப்பைக் கையில் பிடித்தபடி, ஓட முடியாத கால்களோடு ஓடிவந்துகொண்டிருந்தாள். கக்கத்தில் நித்யாவின் மட்டை இருந்தது. நடத்துநர் படியிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டார்:

"ஏட்டி, ஒம் பிரண்டு வரலையா?"

"அவ எம் பிரண்டு இல்ல அண்ணாச்சி. இன்னைக்கு வரல."

விசில் சத்தம் கேட்டது.

அடுத்த பேருந்தில் அவள் வந்து சேர்ந்தபோது பெயர் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். நித்யா தேர்வானாள். "நீ சொன்னியா?" என்று மாரிக்கனி கேட்டாள், "சொன்னேன், அவரு நிக்கல" என்றேன். அவள் நம்பினாள். மறு ஆண்டு பத்தாவது முடித்துத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள். நான் பன்னிரண்டாவதும் முடித்துக் கோவில்பட்டியில் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். அவள் வாழ்க்கை அந்த ஒரு காலையில் மட்டுமே தீர்மானிக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகும்; வறுமையும் அவள் அப்பாவின் பிடிவாதமும் அதில் இருந்தன. ஆயினும் என் பங்கு எவ்வளவு என்பது எனக்குத் தெரியும், அதை வறுமையின் தலையில் ஏற்ற முடியாது.

இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளி வேனில் போகிறார்கள். யாரும் யாருக்காகவும் பேருந்தை நிறுத்த வேண்டியதில்லை. சேக்காளி என்ற சொல்லையும் அவர்கள் வாயில் நான் கேட்பதில்லை. சென்ற ஆண்டு கழுகுமலையில் ஒரு கல்யாணத்தில் மாரிக்கனி என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மகளிடம் காட்டினாள். "இது அம்மாவோட பிரண்டுட்டி. நான் வார வரைக்கும் பஸ்ஸையே நிப்பாட்டி வச்சவ. இவளும் நித்யாவும் இல்லேன்னா நான் பத்தாவது முடிச்சிருப்பனா?" நித்யா இப்போதும் வாராவாரம் போனில் பேசுவாளாம். இத்தனை வருடம் ஏங்கிய சொல் கிடைத்த அந்தக் கணத்திலும், கூடவே வந்த நித்யாவின் பெயர்தான் எனக்கு முதலில் உறைத்தது. அந்த வெட்கத்தில், மகளை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாரிக்கனி என் கையை விட்டாள். மகளின் தலையிலிருந்து நழுவிய பூவைச் சரிசெய்தாள். பிறகு, "அடுத்த பந்தி போட்டுட்டாவ, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

அதுவரை என்னை 'நீ' என்று அழைத்தவள், அன்றிலிருந்து 'நீங்க' என்று அழைக்கிறாள்.