ஒரு மணிச் சத்தத்தில் சொன்ன சம்மதம்

தோதெர் மாமாவை நான் முதலில் பார்த்தபோது அவர் தரையில் இல்லை. போயெனி கிராமத்தில், தன் வீட்டுக்குப் பின்னால் குவித்திருந்த புல் போரின் உச்சியில் நின்றார். ஒரு கை நடுக்கம்பைப் பிடித்திருந்தது, மறு கை கைபேசியை வானத்துக்கு நீட்டியிருந்தது. பழைய நெட்வொர்க்கை மூடிய பிறகு மலையடிக் கிராமங்களிலிருந்து புகார் மேல் புகார். அதனால் கோபுரங்களைப் பராமரிக்கும் நிறுவனம் சிக்னல் அளக்க என்னை அனுப்பியிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பரஸ்கீவா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியா தம்பி? தினமும் சாயங்காலம் இதே கூத்துதான். ஏன்யா தோதெரு, கடவுள்கிட்ட நேர்லயே போறியா, இல்ல போன்லயே பேசி முடிச்சுடுவியா?"

"உனக்கு முன்னாடி போய் உன்னைப் பத்திப் போட்டுக் குடுக்கணும்ல!" என்று மேலிருந்து பதில் வந்தது.

ஏணி வழியாக இறங்கி வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ மேல் கிராமத்து விறகுவண்டி கவ்ரிலா மகன்தானே? இன்ஜினியர் ஆயிட்டியாமே?"

"ஆமா மாமா. க்ளூஷ் நகரத்துக் காலேஜ்ல படிச்சேன்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போதெல்லாம் முதுகு தானாக நிமிரும். அன்றும் நிமிர்ந்தது.

"அப்ப இதைப் பாரு. போன் நல்லாத்தான் இருக்கு. என் பொண்ணு மனசுதான் கெட்டுப்போச்சு."

பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதையைச் சொன்னார். ஒரே மகள் அனூத்சா, இத்தாலியில் பாதுவா நகரத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அவருக்குப் பிடிக்காத ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பேருந்து நிலையத்தில் எல்லோர் முன்னாலும் அப்பாவும் மகளும் கத்திக்கொண்டார்கள். அதோடு பேச்சு நின்றது. அந்த வருட வசந்தத்தில் பரஸ்கீவா அக்கா மூலம் சேதி அனுப்பினாள். அங்கேயே வீடு வாங்குவதா, ஊருக்கு வந்து அப்பாவின் மேல் புல்வெளியில் வீடு கட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டுமாம். 'அப்பா பேச வேண்டாம். வரச் சொல்றதுன்னா ஒரு மிஸ்டு கால் குடுக்கட்டும், போதும். ஆகஸ்ட்ல மாதா திருநாள் வரைக்கும் பாத்துட்டிருப்பேன்.'

எங்கள் பள்ளத்தாக்கில் அது போதும்தான். பாதி ஊர் வெளிநாட்டில் இருக்கிறது. வந்து சேர்ந்தேன் என்பதும், உயிரோடிருக்கிறேன் என்பதும், கோபம் தீர்ந்தது என்பதும் ஒரு மணிச் சத்தம்தான். அதை எடுத்துப் பேசினால் கூப்பிட்டவன் காசு போச்சே என்று திட்டுவான்.

கோடை தொடங்கியபோது பழைய நெட்வொர்க் போனது. அவருடைய பழைய கைபேசியும் அதோடு செத்தது. டவுனில் போய்ப் புதியது வாங்கி வந்தார்.

"திருநாள் வரைக்கும் தினமும் குடுத்தேன். அப்புறமும் குடுத்துட்டுத்தான் இருக்கேன். இத்தனை தடவை மணி அடிச்சும் ஒருத்தி அசையலேன்னா என்ன அர்த்தம்? பழி வாங்குறா."

கைபேசியைத் திறந்து பார்த்தேன். அனூத்சா, அனூத்சா, அனூத்சா. அழைத்ததெல்லாம் அவள் பெயர்தான்.

"எப்படிக் குடுப்பீங்க மாமா? ஒரு தடவை காட்டுங்க."

மறுபடி மேலே ஏறினார். நானும் ஏணியில் பாதி தூரம் ஏறினேன். எண்ணை அழுத்தினார், கையை உயர்த்தினார், "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று முணுமுணுத்தார், துண்டித்தார். சிக்னலுக்காகக் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் எங்கள் ஆட்களுக்குக் காதில் எதுவும் கேட்காது. அதனால் ஜெபத்தின் முதல் வரிதான் கணக்கு. பழைய நெட்வொர்க்கில் அந்த வரி முடிவதற்குள் அங்கே ஒரு மணி அடித்திருக்கும்.

கைபேசியை வாங்கி ஸ்பீக்கரைப் போட்டு, அதே எண்ணை அழுத்தி அவர் கையில் கொடுத்தேன்.

"இப்ப ஜெபத்தை நிறுத்தாம சொல்லுங்க."

சொன்னார். கைபேசியில் ஒரு சத்தமும் இல்லை. பாதி ஜெபம் தாண்டி, அன்றாட அப்பம் கேட்கும் வரி வரைக்கும் வந்த பிறகுதான் முதல் மணி அடித்தது. அவர் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"புது நெட்வொர்க்குக்கு இங்க சிக்னல் ரொம்பக் கம்மி மாமா. அதுவும் வெளிநாட்டு நம்பர். கோத்து விடவே இவ்வளவு நேரமாகுது. நீங்க முன்னாடியே துண்டிச்சதெல்லாம் அங்க போய்ச் சேரவே இல்ல."

மணி விடாமல் அடித்தது. விடாமல் அடித்தால் எங்கள் ஊரில் யாராவது செத்துப்போனார்கள் என்று அர்த்தம். அவள் எடுத்துவிட்டாள்.

"யாரு? அப்பாவா? என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல." என்றார். "மிஸ்டு கால் குடுத்தேன்டி. கோடை முழுக்கக் குடுத்தேன்."

"ஒண்ணுகூட வரலையேப்பா."

"அதான் இப்ப சொல்றான் கவ்ரிலா மகன்."

"போன மாசம் இங்க வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டோம்ப்பா." அவள் அழுகிறாளா, சிக்னல் இழுக்கிறதா என்று தெரியவில்லை. "திருநாள் அன்னைக்கு ராத்திரி வரைக்கும் போனைக் கையிலயே வச்சிட்டிருந்தேன். பையனை ஸ்கூல்ல சேர்த்தாச்சு. அவருக்கும் இங்கயே வேலை கிடைச்சிருச்சு."

"சரி."

"அப்பா..."

"சரிம்மா. வீட்ல வெயில் படுமா?"

"காலைல படும்."

"அது போதும்," என்றார். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் பரஸ்கீவா அக்கா ஒரே போர்வையைத் திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அறிக்கை எழுதினேன், அழைப்பு சேர ஆகும் தாமதத்தை அளந்து கோபுரம் வேண்டும் என்று. என் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக் கையெழுத்திட்டேன். அந்தக் கிராமங்களில் குடியிருக்கும் ஆள் குறைவு என்று பதில் வந்தது. இரண்டாவது முறை எழுதியதற்கும் அதே பதில்தான்.

தோதெர் மாமா இப்போதும் போயெனியில் தனியாக இருக்கிறார், இரண்டு பசுக்களோடு. மேல் புல்வெளியைக் கோடையில் அவரே அறுக்கிறார். அனூத்சா பாதுவாவில் இருக்கிறாள். ஆகஸ்டில் மகனோடு ஒரு வாரம் வந்து போகிறாள்.