பச்சைத் துளையில் மஞ்சள் ஒயர்

ஆடிக்கு வந்த சித்தி ஐப்பசி பிறந்தும் சிதம்பரத்துக்குத் திரும்பிப் போகவில்லை. கல்யாணமாகி மூன்று வருடமான பெண்ணை யாராவது ஆடிக்கு அழைத்துவந்து வைத்துக்கொள்வார்களா? ஆனாலும் அம்மா கடலூரில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள். தெருவும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காமலேயே எல்லாம் தெரிந்துகொள்கிற தெரு அது.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. தாயும் தகப்பனும் போய்விட்டதால் எங்கள் வீடுதான் அவளுக்குப் பிறந்த வீடு. அப்பாவுக்கு அவள்மேல் பிரியம் உண்டு, ஊர் வாய்க்குப் பயமும் உண்டு. கடைசியில் பயம்தான் ஜெயித்தது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்று சித்தப்பா வீட்டாருக்கு அவரே போனில் சொல்லிவிட்டார். சித்தியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒன்பது வயதில் எனக்கிருந்த கவலை வேறு. புதுச்சேரியிலிருந்த பெரியப்பா மகன் கல்லூரிக்குப் போகும்போது தன்னுடைய பழைய வீடியோ கேம் பெட்டியை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு என்னிடம் தந்துவிட்டான். அதன் பின்னாலிருந்து ஒரு ஒயர் தொங்கியது. அதன் நுனியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலைகள். எங்கள் டிவியோ சுவரில் மாட்டிய புது டிவி. அதன் முதுகில் வெள்ளைத் துளை இருந்தது, சிவப்பு இருந்தது, பச்சையும் நீலமும்கூட இருந்தன. மஞ்சள் மட்டும் இல்லை.

அப்பா பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்கிற ஆள். சித்தியின் கல்யாணத்தையே அப்படித்தான் செய்துவைத்தார். ஒயருக்கும் அதே முறைதான். வெள்ளைக்கு வெள்ளை, சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்குப் பொருத்தம் இல்லை. திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்து மட்டும் அசையாமல் நின்றது. “இது அந்தக் காலத்துப் பொட்டி. டிஜிட்டல் டிவி இத மதிக்காது,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் அழுத அழுகையில் மறுநாள் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கன்வெர்ட்டர் வாங்கிவந்தார். தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றும் இருந்தன. மறுபக்கம் எச்டிஎம்ஐ துளை. எல்லாவற்றையும் மாட்டியதும் அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. படம் வரவில்லை. அப்பா முதலில் கடைக்காரனைத் திட்டினார், பிறகு விளையாட்டுப் பெட்டியை, பிறகு அதைக் கொடுத்த தன் அண்ணன் மகனை.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சித்தி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அந்தக் கறுப்புப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். மேலே பொடியாக ஓர் அம்புக்குறி இருந்தது.

“மாமா, இது புதுப் பொட்டியிலேர்ந்து பழைய டிவிக்குப் போற வழி. நம்மளுது பழைய பொட்டி, புது டிவி. ஒன்வேயில எதுத்தாப்ல வந்துட்டோம்,” என்றாள்.

மாற்றி வாங்கலாம் என்றால் அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. கடலூர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர், பள்ளிக்கூடத்துக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் என் கேமுக்குக் கதி யார்? அதையே அவளிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. “அதுக்குள்ள போட்டுடலாம் வாடி,” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

சித்தி எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் இல்லை. அவள் படித்தது பி.காம். டிவிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம்தான். ஸ்டூலில் ஏறி, கன்னத்தைச் சுவரில் பதித்துக்கொண்டு, மஞ்சள் தலையை ஒவ்வொரு துளையாகச் செருகுவாள். நான் கீழே நின்று ரிமோட்டை அழுத்திவிட்டு “இல்ல சித்தி” என்பேன். அவள் “சரி, அடுத்தது” என்பாள். அந்தக் குரலில் சலிப்பே இருக்காது. நடுவில் கரண்ட் போய்விடும். அப்போதும் இறங்க மாட்டாள். “எறங்குனா எந்த ஓட்டைன்னு மறந்துபூடும்,” என்று இருட்டில் அப்படியே நிற்பாள். மழை ஓட்டில் அடிக்கிற சத்தத்தில் அவள் மூச்சு மட்டும் கேட்கும். அன்றைக்கு எனக்கு அவளைவிடப் பெரிய ஆள் உலகத்தில் யாரும் இல்லை. இன்றைக்கும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

எட்டிப் பார்க்க முடியாத இடம் என்பதால் போனை உள்ளே விட்டுப் படம் எடுத்தாள். அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்துக்கொண்டே போனவள் சட்டென்று நிமிர்ந்தாள். அதுவரை கைக்கு அகப்படாமலிருந்த பச்சைத் துளைக்கு அடியில் கடுகளவு எழுத்தில் ‘வீடியோ’ என்றும் போட்டிருந்தது. பச்சையில் மஞ்சளைச் செருகுவதா? அப்பா வேண்டாம் என்றார், டிவி புகைந்துவிடும் என்றார். சித்தி செருகினாள். திரை ஒரு முறை துடித்தது. படம் வந்துவிட்டது. கார் வந்தது, ரோடு வந்தது, எல்லாம் கறுப்பு வெள்ளையில்.

நான் குதித்தேன். சித்தி குதிக்கவில்லை. “கலரு வரலியே. இன்னும் ஏதோ இருக்கு,” என்று மறுபடியும் ரிமோட்டை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வந்துவிட்டார்கள். சித்தப்பா வரவில்லை. அவருடைய அம்மாவும் அவருடைய பெரியப்பாவும்தான் தட்டில் ஆப்பிள், பூ, புடவையோடு வந்திருந்தார்கள். சித்தியைச் சமையலறை வாசலில் நிறுத்திவிட்டுக் கூடத்தில் பேச ஆரம்பித்தார்கள். அப்பா தலையைத் தலையை ஆட்டினார். நான் கறுப்பு வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

“குடும்பம்னா நாலும் இருக்கும். பொண்ணுக்குப் பொறும வேணும். இதுக்கு அது ஒரு பொட்டுகூட கெடையாது,” என்றார் பெரியவர். “எதையும் பாதியில உட்டுட்டு ஓடியாந்துடுது,” என்று அந்த அம்மா சேர்த்துக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“எங்க சித்திக்கா பொறும இல்ல? லீவு உட்டதுலேர்ந்து ஒவ்வொரு ஓட்டையா போட்டுப் பாக்குது. கரண்டு போனாகூட ஸ்டூல உட்டு எறங்கல. எல்லாரும் ஆவாதுன்னு உட்டதத்தான் அது எடுத்துச்சி. நெசமாவே முடியாதுன்னாதான் எங்க சித்தி ஒண்ண உடும்!”

அம்மா என் முதுகில் ஒன்று வைப்பதற்காகக் கிளம்பிவந்தாள், பாதி வழியில் நின்றுவிட்டாள். அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“கூட்டிக்கிட்டுப் போங்கன்னு நாந்தான் போன்ல சொன்னேன், இல்லேங்கல. இனிமே அந்தப் பேச்சு வேணாங்க. புள்ள இங்கயே இருக்கட்டும்.”

அவர்கள் புடவையை எடுத்துக்கொண்டு ஆப்பிளை விட்டுவிட்டுப் போனார்கள். சித்தி சமையலறை வாசலிலேயே வெகுநேரம் நின்றாள். அழுதிருக்க வேண்டும், முகம் வீங்கியிருந்தது. பிறகு வந்து ரிமோட்டை வாங்கி, டிவியின் இணைப்புப் பட்டியலில் ‘கம்போனன்ட்’ என்றிருந்ததை ‘ஏவி’ என்று மாற்றினாள். கார் சிவப்பாகிவிட்டது, புல் பச்சையாகிவிட்டது. அன்று கூடத்தில் நடந்தவற்றில் பெரிய விஷயம் அதுதான் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். குழம்பில் உப்பு கூடிப்போன ஒரு நாள் சித்தப்பா பேச்சை நிறுத்தினார். மகன் நிறுத்தியதும் அவருடைய அம்மாவும் நிறுத்தினார். ஏறக்குறைய ஒரு வருடம் அந்த வீட்டில் சித்தியோடு ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தினமும் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். சாப்பிட வரீங்களா, கோயிலுக்குப் போலாமா, நான் என்ன செஞ்சேன். பிடித்ததைச் சமைத்துப் பார்த்திருக்கிறாள், பட்டினி கிடந்து பார்த்திருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரரைத் தூது அனுப்பியிருக்கிறாள், காலில் விழுந்தும் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் ஒரு பையை எடுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினாள்.

அன்று நான் கத்தி முடித்ததும் சித்தப்பாவின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கிளம்பும்வரை நிமிரவே இல்லை. பாவம், டிவி ஒயரைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.