நெல்லியடி வரை வந்த திருப்புமுனைகள்

வரலாறு படிப்பிக்கிற தொழிலில் ஒரு வசதி இருக்கிறது: நாங்கள் யாரைப் பற்றிக் கதைக்கிறோமோ, அவர்களில் ஒருவரும் எழும்பி வந்து "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று சண்டை பிடிக்க மாட்டார்கள். வசதிக்கேடு என்னவென்றால், கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். வெண்கட்டித் தூள் தின்று தொண்டை கட்டிப்போன சக ஆசிரியர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சனிக்கிழமைகளில் நெல்லியடியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சைக்குப் பொது அறிவு எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் பட்டதாரிகள். பட்டத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் கொழுவிவிட்டு, வேலைக்காக வருசக்கணக்கில் காத்திருப்பவர்கள். எனக்குக் கிடைத்த பகுதி 'உலக வரலாற்றின் திருப்புமுனைகளும் அவற்றின் முக்கியத்துவமும்'. தகர மறைப்புக்கு அந்தப் பக்கம் இரசாயனவியல் ஆசிரியர் ஒலிவாங்கியில் முழங்குவார். அதனால் என்னுடைய வகுப்பில் எந்தச் சாம்ராச்சியம் சரிந்தாலும் பின்னணியில் ஏதாவதொரு அமிலம் கொதித்துக்கொண்டிருக்கும்.

துருக்கியரும் கதிரையும்

முதல் வகுப்பில் கொன்ஸ்தாந்திநோப்பிள். 1453இல் துருக்கியர் அந்தப் பட்டினத்தைப் பிடித்தார்கள். கீழைத்தேச வியாபாரத்துக்கு ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள். போர்த்துக்கேயர் ஆபிரிக்காவைச் சுற்றி வந்தார்கள். சுற்றி வந்தவர்கள் யாழ்ப்பாணத்தையும் விட்டுவைக்கவில்லை. எங்களுடைய அரசனைப் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றார்கள், கோட்டை கட்டினார்கள், பதிலுக்குப் பாண், மேசை, அலுமாரி, கதிரை என்று கொஞ்சச் சொற்களைத் தந்துவிட்டுப் போனார்கள். "எங்கேயோ ஒரு நகரம் விழ, எங்கடை வீட்டுத் தளபாடத்தின்ரை பேரே மாறிப்போச்சு. இதுதான் திருப்புமுனை" என்று நான் உருக்கமாக முடித்தேன். அன்றைக்கு எனக்கே என்னுடைய பாடம் பிடித்துப்போயிருந்தது.

குகன் எழும்பினார். கீரிமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம், பொருளியல் பட்டதாரி, என் வகுப்பில் எழும்பிக் கதைக்கிற பழக்கமுள்ள ஒரே ஆள். சுவரோடு சாய்த்து வைத்திருந்த தன்னுடைய இருக்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாம் விளங்கினது ரீச்சர். துருக்கிக்காரன் பட்டினத்தைப் பிடிச்சதாலைதான் நான் இண்டைக்குக் கதிரையிலை இருக்கிறன். ஆனால் இந்தக் கதிரைக்கு ஒரு காலில்லை. அதுக்கு நான் ஆரைப் பிடிக்கிறது?"

பெண்கள் நடந்தார்கள்

பிரெஞ்சுப் புரட்சியில் நான் எப்போதும் ஆசையாகச் சொல்லுகிற இடம் ஒன்று இருக்கிறது. பாண் இல்லாமல் பொறுமை இழந்த பாரிஸ் பெண்கள் மழையிலே வேர்சாய் அரண்மனை வரை நடந்து போய், அரசனையும் அரசியையும் கையோடு நகரத்துக்குக் கூட்டிவந்த கதை. சொல்லிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் ரஜனி பேனையை மூடி வைத்துவிட்டார். கொழும்புத்துறையில் கடற்றொழில் செய்கிற வீட்டுப் பெண். இரண்டு பஸ் மாறி வருவார், அதிகம் கதைக்க மாட்டார். நான் பாடம் அலுத்துவிட்டதென்று நினைத்தேன்.

அலுக்கவில்லை. எங்கள் நிலையத்தில் பெண்களின் கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்கவேண்டும். இரண்டு பஸ் மாறி வருகிறவர்களுக்கு இது பகிடியில்லை. எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அன்றைக்கு இடைவேளை விட்டதும், ரஜனி முன்னே நடக்க வகுப்பிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் அலுவலகத்துக்குள் போய் நின்றுவிட்டார்கள். நிலையத்தின் சொந்தக்காரர் தயாபரன் அண்ணை கடித்த வடையை விழுங்காமல் என்னிடம் ஓடிவந்தார். "ரீச்சர், நான் உங்களை வரலாறு படிப்பிக்கத்தானே கூப்பிட்டனான்? நடத்திக் காட்டச் சொல்லேல்லையே!"

ஆனாலும் மனுசன் பயந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை கொண்டி வந்திருந்தது. புதுக்கொண்டி, பளபளவென்று மின்னியது. கதவின் வெளிப்பக்கத்தில். ரஜனி அதைத் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"புரட்சி வெண்டிட்டுது ரீச்சர். இனி உள்ளுக்குப் போறவளை ஆரும் வெளியிலை நிண்டு பூட்டலாம்."

தவணை

1492 என்றால் கொலம்பஸ். பரீட்சைக்கு அவ்வளவும் போதும். ஆனால் அதே வருசம் ஸ்பெயினில் யூதர்களை மதம் மாறு, இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போ என்று துரத்தினார்கள் என்பதையும் நான் சேர்த்துச் சொல்லுவேன். தலைமுறை தலைமுறையாக இருந்த வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போன சனம் அது. கெட்டித்தனமான ஆட்களைத் துரத்திய நாடு பிறகு எப்படித் தேய்ந்தது என்பதுதான் அதன் முக்கியத்துவம் என்று கரும்பலகையில் எழுதினேன்.

பின்வரிசையில் நசீர் கையைத் தூக்கினார். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் குடும்பம். தொண்ணூறாம் ஆண்டு ஆயுதம் ஏந்திய இயக்கம் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது அவருடைய வாப்பா சோனகத் தெருக் கடையை அப்படியே விட்டுவிட்டு, மனைவியையும் கலியாண வயது மகளையும் கூட்டிக்கொண்டு நடந்தவர். நசீர் புத்தளத்து முகாமில் பிறந்து, அங்கேயே படித்துப் பட்டமும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர். "அந்த யூத ஆக்களுக்கு எவ்வளவு தவணை குடுத்தவங்கள் ரீச்சர்?" என்று கேட்டார். கிட்டத்தட்ட நாலு மாதம் என்றேன். யாழ்ப்பாணத்தில் நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கிறதில்லை. குகன்கூடக் குனிந்து கொப்பியைப் புரட்டினார். எனக்கு வெண்கட்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நசீர்தான் சிரித்தார்.

"நாலு மாசமோ? நல்ல மனுசர் போலை. நாலு மாசம் கிடைச்சிருந்தால் வாப்பா கடையையும் வித்து, ராத்தாவையும் கட்டிக்குடுத்திட்டு ஆறுதலா வெளிக்கிட்டிருப்பார்."

மதில்

பேர்லின் மதிலுக்கு வந்தபோது குகனுக்கு உற்சாகம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர்களுடைய தோட்டக்காணி இன்னும் இராணுவ வேலிக்குள்தான் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போகும்போது அவருடைய ஐயா றோட்டில் நின்று தன்னுடைய கிணற்றின் துலாவைத் தேடிப் பார்ப்பாராம். யாரோ மகிழ்ந்து குளிக்கிற சத்தம் மட்டும் கேட்குமாம்.

சனம் சுத்தியலோடு போய் மதிலை உடைத்ததையும், உடைந்த துண்டுகளை ஞாபகத்துக்கு வீட்டுக்குக் கொண்டுபோனதையும் நான் நடித்தே காட்டினேன். "ஒரு நாளைக்கு எந்த மதிலும் விழும்" என்று ஆசிரியர்களுக்கே உரிய மலிவான நம்பிக்கையையும் ஊட்டினேன். குகன் இந்தமுறை எழும்பவில்லை.

"அவங்களுக்கு மதில், ரீச்சர். எங்களுக்குத் துருப்பிடிச்ச முள்ளுக்கம்பி. ஞாபகத்துக்கு ஒரு துண்டு எடுத்தாலும் பிறகு ஏற்பு ஊசி போடவேணும்."

நேர்முகம்

ஒருவழியாகப் பரீட்சை வந்தது. ஒரு வருசம் முழுக்க எது ஏன் முக்கியம் என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். வினாத்தாளில் உலக வரலாறு என்று வந்தது ஒரேயொரு கேள்வி: நெப்போலியன் பிறந்த தீவு எது? குகன், நசீர், ரஜனி மூன்று பேரும் சித்தியடைந்து நேர்முகத்துக்குப் போனார்கள். வேலை கிடைத்தது ரஜனிக்கு மட்டும். மற்ற இரண்டு பேரும் மறுபடி வகுப்புக்கு வருகிறார்கள். தயாபரன் அண்ணை நெல்லியடிச் சந்தியில் பெரிய பதாகை கட்டினார். அதில் ரஜனியின் படம் சின்னன், தயாபரன் அண்ணையின் படம் பெரிசு.

வேலைக்குப் போகுமுன் ரஜனி வந்து சொல்லிவிட்டுப் போனார். வந்த இடத்தில் நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பெரியவர்களும் பட்டத்தைப் புரட்டிப் பார்க்கவில்லையாம். "கலியாணம் கட்டினால் வேலையை விட்டிடுவீரோ? புருசன் விடாட்டி என்ன செய்வீர்?" இதையேதான் ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்களாம். "நீர் என்ன சொன்னனீர்?" என்றேன். அதிகம் கதைக்காத அந்தப் பெண் சொன்ன மறுமொழி இது:

"'சேர், உலகத்திலை நடந்த திருப்புமுனை எல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறன், அதிலை ஒண்டைக் கேளுங்கோ. நடக்காததைக் கேட்டால் எனக்குத் தெரியாது' எண்டு சொன்னனான்."

உலகம் யாரையாவது மிதித்துக்கொண்டுதான் திரும்புகிறது, மிதிபட்டவர்களையே முன்னால் இருத்தி அதன் முக்கியத்துவத்தை ஐந்து வரியில் எழுதச் சொல்லுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.