அணைத்துக் கொடுத்த விளக்கு

லாரி மெக்கானிக் பொய் சொல்வான், ஒத்துக்கொள்கிறேன். "நாளைக்கு ரெடி" என்று தினமும் சொல்கிற வாய்தானே இது! ஆனால் இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. போன மாதம், பட்டப்பகலில், என் பட்டறையில் நடந்தது.

அன்று பட்டறைக்கு வந்தது என் அண்ணன் ஓட்டிய டீசல் லாரி. ஒரு வருடம் முன்பு, குளிருக்காக என்ஜினை ஓடவிட்டு, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் தூங்கினார். எழுந்திருக்கவேயில்லை. மாரடைப்பு என்றார்கள். நாங்களும் நம்பினோம்.

இப்போது ஓட்டும் டிரைவர் அவசரத்தில் இருந்தார்.

"என்ஜின் விளக்கு எரியுதுண்ணே. அணைச்சு மட்டும் விடுங்க. ராத்திரி லோடு இருக்கு."

அண்ணனும் இப்படித்தான் கேட்பார். நானும் கோளாறைத் தேடாமல், வண்டியில் பதிவான எரர் குறியீட்டை அழித்து, விளக்கை மட்டும் அணைத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவை. இந்த முறை மனசு கேட்கவில்லை.

கோளாறைக் காட்டும் ஸ்கேனர், புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைக் குறை சொன்னது. புகைக்குழாயிலிருந்து அதைக் கழற்றினேன். வெளியே வெயிலில் ஸ்கேனர் திரை தெரியவில்லை. நீள ஒயர் மாட்டி, உள்ளே ஏறி, சென்சார் சூடாகும் என்பதால் அதை ஒரு தகர டப்பாவில் போட்டுப் படுக்கைமேல் வைத்தேன். என்ஜின் ஓடவில்லை. வெறும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்; அதைக் காட்டினால் சென்சார் நல்லது.

மணி 2:40. காட்டியது 21.

பிறகு 17.

மறுபடி 21... 17... 21... 17...

சென்சார் போச்சு என்று நினைத்தேன். சும்மா அதன்மேல் ஊதிப் பார்த்தேன்.

17.

மனுஷன் விடுகிற மூச்சில் ஆக்சிஜன் 17.

உள்ளே நான் மட்டும்தான். என் மூச்சை அடக்கினேன். எண் இறங்கியது. ஏறியது. நிதானமாக... தூங்குகிறவர் மூச்சு மாதிரி.

"அண்ணே..." என்றேன்.

2:52. இடைவெளி நீண்டது.

21... 17...

21......... 17.

2:58.

21.

பிறகு இறங்கவேயில்லை.

சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அப்புறம் லாரிக்கு அடியில் படுத்துத் தேடினேன். படுக்கைக்கு நேர் கீழே புகைக்குழாயில் முடி அளவு விரிசல். மேலே தரைத்தகட்டில் ஒரு ஓட்டை, சுற்றிலும் கரி. விரிசல் வழியே வெளிக்காற்று உள்ளே போனதால்தான் சென்சார் கத்தியிருக்கிறது. அதே விரிசல் வழியே புகை மேலே ஏறியிருக்கிறது. சென்சாரை எத்தனையோ தடவை சோதித்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை. டிரைவர் எவ்வளவோ திட்டியும் குழாயை மாற்றாமல் சாவியைத் தரவில்லை.

மறுநாள் அண்ணியிடம் விரிசலைப் பற்றிச் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்குத் தூங்கறதுக்கு முன்னாடி போன் பண்ணாரு தம்பி. தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குதுன்னாரு. வண்டியில ஏதாச்சும் கோளாறான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"இவ்வளவு நாள் உங்ககிட்ட சொல்ல மனசு வரல..."

"சொல்லுங்கண்ணி."

"'விளக்கே எரியலடி. தம்பி பாத்து விட்டிருக்கான், பயப்படாம தூங்கு'ன்னாரு."